பிடிப் பெட்ரோல்

பெட்ரோலுக்கும் வயசாகும் என்று ஜெபராணியிடம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவா போகிறாள்? போய் வேலையைப் பாரு என்று விரட்டியிருப்பாள். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், அவள் ராசி அப்படி. ஆனால் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அவள் இடத்தில் நீங்கள் இருந்தாலும் ஒரு கேன் சேர்த்துத்தான் வைத்திருப்பீர்கள்.

ஆரணியை விட்டுக் களம்பூர் போகிற சாலையில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தால் அவர்கள் ஊர். ஒரே கோயில், ஒரே மணி, ஒரே ஃபாதர். கல்லறைத் தோட்டமும் ஒன்றுதான், ஆனால் உள்ளே போனால் இரண்டு. கேட்டைத் திறந்ததும் முன்பக்கம். சிமெண்டுச் சிலுவை, டைல்ஸ் ஒட்டிய சமாதி, பேர் வெட்டிய கருங்கல். அதைத் தாண்டினால் நாணலும் உண்ணிச்செடியும் ஆள் உயரத்துக்குப் புதராக மண்டி நிற்கும். புதருக்கு அப்பால், ஆற்றை ஒட்டின பள்ளத்தில், பின்பக்கம். காலனித் தெருக்காரர்கள் செத்தால் அங்கேதான். யார் பிரித்தது, எப்போது பிரித்தது என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஏன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக நின்று, செத்தவர் பேரைச் சொல்லி ஜெபித்து, தீர்த்தம் தெளிப்பார். மழைக்காலம், அதற்குள் புல் இடுப்பு உயரம் வந்திருக்கும். கோயில் கமிட்டி அன்பரசு என்கிற ஆளை மிஷினோடு கூப்பிடும். அவனும் முன்பக்கம் முழுக்க முடி வெட்டின மாதிரி சுத்தமாக வெட்டித் தள்ளுவான். புதர் ஓரம் வந்ததும் மிஷின் நின்றுவிடும். "பெட்ரோல் தீந்துபோச்சுங்க" என்பான். கமிட்டிச் செயலாளர் பிலிப் உச்சுக் கொட்டுவார். "அட பாவமே, இந்நேரத்துக்கு எங்க போயி வாங்கறது?" என்பார். வருஷா வருஷம் இதே பாட்டுத்தான்.

சரி, அரிவாளை எடுத்துக்கொண்டு நாமே வெட்டலாம் என்று காலனிப் பெண்கள் போனால் அதற்கும் தடை. ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போய் அவரவர் மேட்டைச் செதுக்கிக்கொள்ளலாம், புதர் கோயில் சொத்து, அதில் கை வைக்கக் கூடாது. கேட் சாவியும் பிலிப் இடுப்பில். அப்புறம் ஃபாதர் எப்படி வருவார்? புதருக்கு இந்தப் பக்கமே நின்று, கையை ஒரு வீசு வீசி நாலு சொட்டுத் தெளித்துவிட்டுத் திரும்பிவிடுவார். பேரெல்லாம் கிடையாது. மொத்தமாக எல்லா ஆத்துமாக்களும்.

போன வருஷம் அந்த மொத்தத்தில் ஜெபராணியின் புருஷன் ஜோசப்ராஜும் சேர்ந்துவிட்டார். மண் காயாத அவர் மேட்டருகே நின்றுகொண்டு அவள் பார்த்தாள். ஃபாதர் வீசின தண்ணீர் நாணல் இலையில் விழுந்தது. ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை.

"வர்ற வருசம் ஃபாதர் இங்க வந்து நின்னு இவரு பேர சொல்லணும். சொல்ல வெக்கிறேனா இல்லியா பாரு" என்றாள், பக்கத்தில் நின்ற அமலாவிடம். அமலா அவள் கொழுந்தன் பெண்டாட்டி, அடுத்த வீட்டில் பட்டுத் தறி போட்டிருப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

தை பிறந்ததும் ஜெபராணி மகளிர் குழுவில் கடனுக்கு மல்லுக்கட்டி ஒரு புல் வெட்டும் மிஷின் வாங்கிவிட்டாள். தோளில் மாட்டி, நீளத் தண்டைப் பிடித்து, முனையில் தகடு சுழல வெட்டுகிற மிஷின். பொம்பளை தோளில் இதா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். களம்பூர் ரைஸ் மில் காம்பவுண்டுகளும் போளூர் பக்கத்து மாந்தோப்புகளும் அவளுக்கு வேலை கொடுத்தன. சிரித்தவர்களே வரப்பு வெட்ட அவளிடம் வந்தார்கள். அவளும் போனாள், முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு பானையில் போட்டுவிடுவார்கள். பிடி அரிசி என்று பேர். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். வீட்டில் கஞ்சிக்கே இல்லாத நாளிலும் அந்தப் பிடியில் யாரும் கை வைக்கமாட்டார்கள். ஜெபராணிக்கு அதுதான் மூளையில் வேலை செய்தது. ஈஸ்டர் முடிந்த கையோடு, ஒவ்வொரு தடவை மிஷினுக்குப் பெட்ரோலும் ஆயிலும் கலக்கும்போதும் ஒரு டம்ளர் எடுத்து ஒரு வெள்ளைக் கேனில் ஊற்றினாள். கல்லறைக்குப் பிடிப் பெட்ரோல். யார் வாயிலிருந்தும் இந்த வருஷம் பெட்ரோல் தீர்ந்துபோச்சு என்கிற சொல்லே வரக் கூடாது.

கேனை முதலில் அமலா வீட்டுத் தறிக்குழிக்குப் பக்கத்தில்தான் வைத்தாள், அங்கேதான் நிழல். அமலா அலறிவிட்டாள்.

"ஐயோ அக்கா, பட்டு வாடை புடிச்சிக்கும்! முகூர்த்தப் புடவை. கட்டிகினு மணவறையில ஒக்காந்தா பொண்ணு மேல பெட்ரோல் பங்க் வாடை அடிக்கும். ஜல்தி தூக்கு அத."

கேன் குளியலறைச் சுவரோரம், தகரக் கூரை அடியில் குடியேறியது. சித்திரை வெயில் அந்தத் தகரத்தில் காய்ந்தது. ஆடிக் காற்று அடித்தது. ஐப்பசி மழை சாரலாக வந்து நனைத்தது. மூடி மரை தேய்ந்து சரியாக மூடாது, அதனால் என்ன என்று இவள் ஒரு துணியைச் சுற்றிச் சொருகியிருந்தாள். பழையதன் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே வந்தாள். இடையில் மில் வேலைக்குப் பெட்ரோல் பற்றாமல் போனபோது அமலா கேனைக் காட்டினாள்.

"அதுல கை வெச்ச, கைய முறிச்சிடுவேன். அது சாமிக்கு எடுத்து வெச்சது" என்றாள் ஜெபராணி.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் வெளியே நிற்கும்போது அவள் பிலிப்பை மறித்துக் கேட்டாள். "செக்ரட்டரி, இந்த வருசம் பொதர நான் வெட்டிக்கிறேன். என்கிட்ட மிஷின் கீது. இன்னா சொல்றீங்க?"

பிலிப் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேர் எதிரில் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்தார். "வெட்டிக்கோயேம்மா. நான் இன்னா வாணாம்னா சொல்றேன்? மிஷின் ஓடணும், பெட்ரோல் இருக்கணும், அவ்ளோதான்."

"அதெல்லாம் நெறையவே கீது" என்றாள் ஜெபராணி.

திருநாள் அன்று காலையில் கேட்டைத் திறந்தார்கள். அன்பரசு முன்பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தான். ஜெபராணி மிஷினைத் தோளில் மாட்டி, கேனைக் கையில் தூக்கி, முன்பக்கத்தின் நடுவே நடந்து வந்தாள். பின்னால் அமலாவும் காலனிப் பெண்களும். பூ வைக்க வந்திருந்த முன்பக்கத்துக்காரர்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். மிஷின் டேங்க் முந்தின நாளே காலி. வேண்டுமென்றேதான் காலி, சேர்த்து வைத்தது போதுமே. கேனைக் கவிழ்த்து நிரப்பினாள். கயிற்றை இழுத்தாள். மிஷின் உர்ரென்று எழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள்.

தட்டின கை ஓயவில்லை, மிஷின் இருமிற்று, வெள்ளையாகப் புகை விட்டது, நின்றது.

மறுபடி இழுத்தாள். இல்லை. சோக்கைப் போட்டு இழுத்தாள். எடுத்து இழுத்தாள். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி இழுத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுத்தாள். ஊஹூம். முன்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிலிப் நிதானமாக நடந்து வந்தார்.

"இன்னாம்மா ஜெபராணி, மிஷினுக்குக் கோவமா?"

"மிஷினுக்கு இல்ல செக்ரட்டரி, எனக்குத்தான் கோவம்" என்றாள், அவரைப் பார்க்காமலே.

ஆரணியில் சின்ன இன்ஜின்கள் பழுது பார்க்கிற முருகேசனுக்குப் போன் போட்டாள். அவர் கேட்ட முதல் கேள்வியே அவளைப் பிடித்துவிட்டது.

"எப்ப வாங்குன பெட்ரோலு?"

"ஈஸ்டர்லேந்து சேத்துகினு வரேன்ண்ணே. டம்ளர் டம்ளரா."

"அட கடவுளே! பெட்ரோல் இன்னா அரிசியா, சேத்து வெக்க? இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கம்மா. அது ஈரத்த இழுக்கும். மூடிய டைட்டா மூடி நெழல்ல வெச்சாலே ரெண்டு மூணு மாசம் தாண்டுனா பேஜாருதான். ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்திப் பாரு, தெரியும்."

அமலா கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து ஊற்றினார்கள். மேலே டிக்காஷன் நிறத்தில் ஒன்று நின்றது, அடியில் கலங்கின தண்ணீராக ஒன்று தங்கியது. மோந்து பார்த்தாள். பெட்ரோலின் சுரீர் என்கிற வாடை இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த புளிச்ச வாடை. "எத்தினி பெட்ரோல் இருந்தாலும் அது செத்த பெட்ரோல்ம்மா. எல்லாத்தயும் வடிச்சிடு. புதுசு ஊத்தி அலசிட்டு, வேற பிளக் போட்டு இழு, ஓடும்" என்று சொல்லிப் போனை வைத்தார் முருகேசன்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பிலிப் மேல் இல்லை, தன் மேல். வாயைக் கட்டி, வேலைக்கே பற்றாமல் போனபோதும் தொடாமல் சேர்த்தது. உள்ளே கிடந்தே கெட்டுப்போயிருக்கிறது. தினமும் குளிக்கப் போகும்போது கேனைத் தூக்கிப் பார்த்து, கனக்கிறதா என்று சந்தோஷப்பட்டாளே, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கண் நிறைந்தது. இவர்கள் எதிரில் அழுதால் செத்தாலும் ஆறாது என்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"போவட்டும் வுடும்மா" என்றார் பிலிப், இப்போது குரலில் தேன் வடிந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கலாம். பங்க்குல கேன்ல குடுக்கமாட்டான், நாள் வேற போயிகினு கீது. ஃபாதர் எப்பவும்போல இங்கேந்தே தெளிச்சிடுவாரு. எல்லாம் ஒரே தீர்த்தந்தானே."

அப்போது அன்பரசு வெட்டிக்கொண்டே புதர் ஓரம் வந்து சேர்ந்தான். மிஷினை அணைத்தான். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லியது. "பெட்ரோல் தீந்துபோச்சுங்க."

ஜெபராணி திரும்பினாள். விடுவிடுவென்று நடந்து அவன் எதிரில் நின்றாள்.

"தீந்துபோச்சா?"

"ஆமா அத்த."

"மூடியத் தெற."

அவன் பிலிப்பைப் பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை. அவன் முதுகுப் பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகித் திறந்தாள். முக்கால் டேங்க் பெட்ரோல் தளும்பியது. வாடை சுரீரென்று மூக்கில் ஏறியது.

இத்தனை வருஷம். பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரிந்த பொய்தான், ஆனால் கண்ணால் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. அமலா வாய்விட்டே திட்டினாள். அதை இங்கே எழுத முடியாது.

"செக்ரட்டரி சொல்றததான் அத்த நான் சொல்லுவேன். அவுருதான் வேலைக்குக் கூப்புடறாரு" என்றான் அன்பரசு, தரையைப் பார்த்து.

"உங்கப்பா எங்கடா படுத்துகினு கீறாரு?"

அவன் கண் புதர்ப் பக்கம் போயிற்று. அவன் அப்பாவும் புதருக்கு அந்தப் பக்கம்தான், ஜோசப்ராஜுக்கு நாலு மேடு தள்ளி. வருஷா வருஷம் அப்பனுக்கு வழி விடாமல் மிஷினை அணைத்தவன் அவன்தான். அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க ஜெபராணிக்கே பாவமாக இருந்தது, ஆனால் அன்றைக்குப் பாவம் பார்க்கிற நாள் இல்லை.

"ஊத்துடா இதுல" என்று தன் மிஷினை நீட்டினாள். "பாதி உனுக்கு, பாதி எனுக்கு."

பிலிப் குறுக்கே வந்தார். தேன் எல்லாம் போய்விட்டது. "ஏய், அது கமிட்டி பெட்ரோல்! கேக்காம கொள்ளாம யாரு எடுக்கறது?"

"கமிட்டின்னா யாரு செக்ரட்டரி?" ஜெபராணியின் குரல் கேட் வரைக்கும் போயிற்று. "எங்க தெருவுல அடுப்பு எரியற ஒவ்வொரு வீட்டுலேந்தும் பிடி அரிசி வருதே, அத ஏலம் வுட்டுத்தானே கமிட்டி நடக்குது? எங்க அரிசி மட்டும் முன்னால வரலாம், எங்க பொணம் வரக்கூடாதா? அரிசியில இது முன்பக்கத்து அரிசி, இது பின்பக்கத்து அரிசின்னு பிரிச்சிப் பாத்து வாங்குனீங்களா? இந்தப் பெட்ரோல்ல எங்க உலை கீதுங்க. நான் ஒண்ணும் பிச்ச கேக்கல. என்னுத எடுக்கறேன்."

பிலிப், முன்பக்கத்துக்காரர்களில் யாராவது பேசுவார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அவர்கள் பூவைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். அன்பரசு மிஷினை இறக்கி வைத்து, டேங்கைச் சாய்த்து, தன் பாட்டிலில் ஊற்றி அவளிடம் நீட்டினான். ஒரு புது பிளக்கையும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

செத்த பெட்ரோலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கேனிலேயே வடித்து மூடினாள். புதியதைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி அலசினாள். மறுபடி ஊற்றினாள். கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்புக்கு முனகியது. இரண்டாவதற்கு எழுந்தது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிஷின் நிற்கவில்லை.

புதரின் இந்த ஓரத்தில் அவளும் அந்த ஓரத்தில் அன்பரசுவும் இறங்கினார்கள். நாணல் சரிந்தது. உண்ணிச்செடியின் தண்டுகள் சடசடவென்று முறிந்தன. முள் தெறித்து முழங்கையைக் கீறியது, அவள் பார்க்கக்கூட இல்லை. பெண்கள் பின்னாலேயே வந்து வெட்டினதை வாரி ஓரத்தில் குவித்தார்கள். டேங்க் தீரத் தீர அன்பரசு தன் கேனிலிருந்து இரண்டு மிஷினுக்கும் ஊற்றினான். மத்தியானம் சாப்பாட்டுக்கும் யாரும் போகவில்லை. பாதை மட்டும் வெட்டினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். கை ஓடிய வேகத்தில் அது மறந்துபோயிற்று. புதரையே அடியோடு எடுத்துவிட்டாள். கேட்டில் நின்று பார்த்தால் ஆறு தெரிந்தது. இடையில் எதுவும் இல்லை. சிமெண்டுச் சிலுவைகளும் மண்மேடுகளும் ஒரே வெளியில் கிடந்தன.

சாயங்காலம் ஃபாதர் வெள்ளை அங்கியோடு வந்தார். பாடல் பாடி, முன்பக்கத்துக் கல்லறைகளை வரிசையாக ஆசீர்வதித்துக்கொண்டு வந்தார். புதர் இருந்த இடத்துக்கு வந்ததும் கால் நின்றது. வழக்கமாக நிற்கிற இடம், பாவம், அவர் கால் அதைக் கற்றுவைத்திருந்தது. வானம் கருத்து, தூறல் ஆரம்பித்திருந்தது. பிலிப் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"மழ வலுக்கும்போல இருக்கு ஃபாதர். கீழ பள்ளம், சேறு. இங்கேந்தே தெளிச்சிடலாம்."

ஃபாதர் கையை உயர்த்தினார்.

ஜெபராணி பள்ளத்தில் நின்றிருந்தாள். தலையெல்லாம் புல் தூசி, முழங்கையில் ரத்தம். "தெளிக்க வாணாம் ஃபாதர்" என்று கத்தினாள். கூட்டம் திடுக்கிட்டது. "தெளிக்கறதுக்கு மழையே கீது. எங்களுக்குத் தண்ணிக்குப் பஞ்சம் இல்ல. நீங்க நடந்து வாங்க. வந்து பேரு சொல்லுங்க."

உயர்த்தின கை அப்படியே நின்றது. ஃபாதர் அவளைப் பார்த்தார். வெட்டிப் போட்ட புதரைப் பார்த்தார். இனிமேல் சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை. குடைக்கு வெளியே காலை வைத்தார். செருப்பு சேற்றில் புதைந்தது. கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்.

ஜோசப்ராஜின் மேட்டருகே வந்து நின்றார். "பேர் என்னம்மா?" என்றார், சின்னக் குரலில்.

"ஜோசப்ராஜ்."

அவர் சொன்னார். ஜோசப்ராஜ் என்று சொல்லி, அவருடைய ஆத்துமா சமாதானத்தில் இளைப்பாறட்டும் என்று ஜெபித்து, மேட்டின் மேல் தெளித்தார். மழைத்தண்ணீரா தீர்த்தமா என்று பிரிக்க முடியாமல் மண் நனைந்தது. ஜெபராணிக்குப் போன வருஷத்து அழுகை இப்போதுதான் வந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

ஃபாதர் அவள் தலையில் கை வைத்துவிட்டுத் திரும்பினார். மேலே பிலிப் குடையோடு காத்திருந்தார், கூட்டமும் கலைய ஆரம்பித்திருந்தது. ஒரு பேரைச் சொல்லியாகிவிட்டது, வம்பு முடிந்தது என்று எல்லோருக்குமே தோன்றியிருக்கும்.

ஜெபராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"எங்க போறீங்க ஃபாதர்? இவரு ஒருத்தருக்கோசரம் மட்டும் இத்தன வெட்டல நானு." பக்கத்து மேட்டைக் காட்டினாள். "இது குணசுந்தரி. பிரசவத்துல போனவ. சொல்லுங்க."

ஃபாதர் சொன்னார். அவள் அடுத்த மேட்டுக்கு நடந்தாள். அவரும் நடந்தார். நாலாவது மேட்டில் அன்பரசு மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். அவனே பேரைச் சொன்னான். அப்புறம் அமலா, அப்புறம் மற்ற பெண்கள், அவரவர் மேட்டருகே நின்று அவரவர் பேரைச் சொன்னார்கள். மழை வலுத்தது. ஆற்றோரத்துக் கடைசி மேடு யாருடையது என்று யாருக்கும் நினைவில்லை. ஃபாதர் தயங்கினார்.

"பேரு தெரியலன்னா இன்னா ஃபாதர்" என்றாள் ஜெபராணி. "எங்க ஆளுன்னு சொல்லுங்க. ஆனா கிட்ட வந்து சொல்லுங்க."